நார்வேயிலிருந்து அமெரிக்கா போன முன்னோரைத் தேடுவது எப்படி?

என் மருமகள் மினசோட்டாவில் பிறந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1880களில் நார்வேயிலிருந்து வந்தவர். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேரன் பிறந்ததும் அவர் ஊரைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எட்டு மாதம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

முதலில் அமெரிக்க ஆவணங்களை முடித்துவிடுங்கள். 1900 சென்சஸில் பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு மூன்றும் இருக்கும். ஆனால் பிறந்த இடம் ‘நார்வே’ என்று மட்டும்தான் இருக்கும். ஊர் வேண்டுமென்றால் அவர் போய்வந்த லுத்தரன் சபையின் பதிவேடு, கல்லறைக் கல், இறப்புச் செய்தி, வீட்டுப் பழைய பைபிள் ஆகியவற்றில் தேடுங்கள். காசு கட்டும் தளங்களில் உடனே சேர வேண்டாம். ஃபேமிலிசர்ச் இலவசம், தொடங்க அது போதும்.

அடுத்தது பெயர். இங்கேதான் நாங்கள் மூன்று மாதம் சிக்கிக்கொண்டோம்.

ஹான்ஸின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே ஹான்சன். அவர் தங்கை ஹான்ஸ்டாட்டர். ஓலேயின் மகனோ ஓல்சன். நம் இனிஷியல் மாதிரிதான், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இதோடு குடியிருந்த பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். அது குலப்பெயர் கிடையாது, விலாசம். வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறிவிடும். குடும்பப் பெயர் நிலையாக இருக்க வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923இல்தான். அதற்கு முன் கப்பலேறியவர்கள் அமெரிக்காவில் இந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று என்று வைத்துக்கொண்டதும் உண்டு.

நாங்கள் ‘ஹௌகன்’ என்று தேடிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லுக்கு ‘மேடு’ என்று பொருள். மேடு இல்லாத ஊர் ஏது? வட்டாரத்துக்கு வட்டாரம் அந்தப் பெயரில் பண்ணை இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் ஆர்கிவே இலவசம், தேடல் பக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. அங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சொந்தப் பெயர், பிறந்த ஆண்டு, வட்டாரம் மட்டும் போடுங்கள். எழுத்து மாறும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் ஓலே, ஓலா, ஓலுஃப் எல்லோரும் வருவார்கள். வந்தவர்களில் அப்பா பெயர் பொருந்தாதவர்களைக் கழித்துவிடுங்கள்.

1880களில் போனவரை 1865, 1875 சென்சஸ்களில் பாருங்கள். பண்ணை பண்ணையாக, வீட்டில் இருந்த அத்தனை பேரும் இருப்பார்கள். அப்புறம் ஞானஸ்நானப் பதிவேடு. எழுத்து பழைய கோதிக் பாணி, பழக ஒரு வாரம் பிடிக்கும். பழைய பக்கங்களில் தேதிக்குப் பதில் ‘திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு’ என்றிருக்கும். திரித்துவ ஞாயிறு ஈஸ்டரிலிருந்து எண்ணி வரும் திருநாள். ஈஸ்டர் வருடாவருடம் நகர்வதால் அந்தந்த ஆண்டின் நாட்காட்டியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கப்பல் பயணிகள் பட்டியலை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அதைவிடத் துறைமுக நகரப் போலீஸ் வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவேடு மேல், சொந்த ஊர் அதில் இருக்கும். கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், 1867 முதலும் பெர்கனில் 1874 முதலும் இருக்கிறது.

பண்ணை தெரிந்துவிட்டால் அந்த வட்டாரத்துக்கு ‘பிக்டபோக்’ இருக்கிறதா என்று கேளுங்கள். பண்ணை வாரியாகக் குடும்பங்களை எழுதிவைத்த உள்ளூர் வரலாற்று நூல் அது. விஸ்கான்சின் மாடிசனில் உள்ள நார்வேஜியன் அமெரிக்கன் ஜீனியாலஜிக்கல் சென்டரில் நிறைய உண்டு.

பிற்சேர்க்கை: ஒரே வீட்டில் இரண்டு ஓலே வருகிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். குழந்தை இறந்துபோனால் அடுத்து பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கம். அடக்கப் பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ‘கிறிஸ்டியான்ஸ்’ என்று இருந்தால் அது கிறிஸ்டியானியா நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1919இல் ஒப்லாண்ட் என்று பெயர் மாறிய மாவட்டம் அது. எங்கள் ஓலே அங்கேதான் இருந்தார்.