எச்பிவி ஊசி: ஆன்டிபாடி குறைந்தால் பாதுகாப்பும் போய்விடுமா?

"பிள்ளைக்கு ஊசி போட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப ஆன்டிபாடி எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?" நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் லேபுக்குப் பஞ்சமில்லை. கோவிட் காலத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் என்ற பெயரும் எல்லாருக்கும் பழகிவிட்டது. எச்பிவி என்பது உடலுறவால் பரவி, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். அதைத் தடுக்கும் ஊசி போட்டவர்கள் இந்த டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

காரணம் எளியது. எச்பிவியைத் தடுக்க ரத்தத்தில் குறைந்தது இவ்வளவு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) வேண்டும் என்ற எல்லைக்கோடே இன்னும் வகுக்கப்படவில்லை. ஊசி போட்டவர்களில், புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 ஆகிய எச்பிவி வகைகளின் தொற்று உடலில் நீங்காமல் நிலைத்தவர்கள் மிகச் சிலரே என்பதால், எதற்குக் கீழே போனால் ஆபத்து என்று கோடு கிழிக்க வழியில்லை. கோடே இல்லாதபோது லேப் தரும் எண்ணை வைத்து எந்த மருத்துவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

எண் குறைவதும் இயல்புதான். கடைசி டோஸ் போட்ட ஒரு மாதத்தில் ஆன்டிபாடி உச்சத்தைத் தொடும். பிறகு ஒன்றரை, இரண்டு வருடம் வரை இறங்கும். அதன்பின் ஏறக்குறைய அதே மட்டத்தில் பல வருடம் நிற்கும். எலும்பு மஜ்ஜையில் நீண்ட நாள் வாழும் செல்கள் அதைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. "தொற்று வந்து போனாலே எதிர்ப்பு வந்துவிடும்" என்று நம்பி ஊசியைத் தவிர்ப்பதும் தவறு. தொற்றால் வரும் ஆன்டிபாடி மிகக் குறைவு, பலருக்கு வருவதே இல்லை.

ஒரு டோஸோடு நின்றுபோனவர்கள் பயப்படுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் நாட்டில் 2009இல் தொடங்கிய எச்பிவி ஊசி ஆய்வில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒரு மையம். 2010இல் அரசு ஊசியை நிறுத்தச் சொன்னதால் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு டோஸ்தான் கிடைத்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை அந்த ஒரே டோஸ் சுமார் 95 சதவீதம் தடுத்திருந்தது. இதுபோன்ற சான்றுகளைப் பார்த்துத்தான் 2022இல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்றது. எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கூடுதல் டோஸ் வேண்டும். மற்றவர்களுக்கு பூஸ்டர் இப்போது பரிந்துரையில் இல்லை.

கல்யாணம் நிச்சயமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் ஆன்டிபாடி இன்னும் நன்றாக உருவாகும். ஏற்கெனவே வந்த தொற்றை இந்த ஊசி குணமாக்காது.

எல்லா வகை எச்பிவிக்கும் ஊசியில் பாதுகாப்பு இல்லாததால், ஊசி போட்டவர்களும் முப்பது வயதுக்குமேல் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மகளை ஊசிக்கு அழைத்துப் போகும் அம்மாக்கள் பலர் அந்த வயதைத் தாண்டியும் ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ அன்றைக்கே கேளுங்கள்.