சாண்டோரினியில் சிறு குழு கேட்டமரான் பயணம்: முன்பதிவு முதல் கரையேறும் வரை

கிரீஸின் சாண்டோரினித் தீவில் மூன்று நாள் தங்குகிறீர்கள் என்றால், கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகில் போக முதல் முழு நாளை ஒதுக்குங்கள். பலரும் கடைசி நாளில் வைத்துக்கொள்கிறார்கள். அன்று காற்று எழுந்துவிட்டால் பயணம் போச்சு. மாற்றிக்கொள்ள வேறு நாளும் இருக்காது. முதல் நாள் ரத்தானால் அடுத்த இரண்டு நாளில் ஏதாவது ஒன்றில் போய்விடலாம். எந்தத் துறையிலிருந்து ஏறுவது, காலையா மாலையா, படகில் எங்கே உட்காருவது என்று இந்தப் பயணத்தில் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் காற்றைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏஜியன் கடலில் கோடையில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், காற்று மட்டும் நாள்கணக்கில் ஓயாமல் வீசும். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கி மேல் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஏஜியன். துருக்கி மேல் நிற்கும் அந்தக் கோடைத் தாழ்வழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சிதான். அதனால் வெயிலைப் பார்த்து "இன்று கடல் அமைதியாகத்தான் இருக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். மெல்டெமி பிற்பகலில் வலுக்கும், இரவில் கொஞ்சம் தணியும்.

கிரீஸில் காற்றின் பலத்தை போஃபோர்ட் என்ற எண் அளவில் சொல்வார்கள். 3 என்றால் 7 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம், யாருக்கும் தொந்தரவில்லை. 4 என்றால் 11 முதல் 16 நாட். அலைகளின் உச்சியில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியும், பாய் விரித்து ஓட்ட நல்ல காற்று. 5 என்பது 17 முதல் 21 நாட்; படகு போகும், ஆனால் வயிறு புரட்டும் ஆட்கள் சிரமப்படுவார்கள். 6 வந்துவிட்டால் பொதுவாகத் துறைமுக அதிகாரிகள் சிறு சுற்றுலாப் படகுகளை வெளியே விடமாட்டார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே விண்டி போன்ற செயலியில் தீவின் தென்கரைக்கும் வடக்குமுனைக்கும் தனித்தனியாகக் காற்றைப் பாருங்கள். சராசரி வேகத்தோடு நிறுத்தாமல், இடையிடையே வந்து போகும் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். படகைத் தூக்கிப் போடுவது அதுதான்.

எந்தத் துறை

சிறு கேட்டமரான்கள் கிளம்பும் இடங்கள் முக்கியமாக இரண்டு. வடக்கே, ஓயா ஊருக்கு நேர் கீழே அம்மூடி. தெற்கே விலிஹாடா. அம்மூடியிலிருந்து கிளம்பினால் உடனே கால்டெராவுக்குள், அதாவது எரிமலை உள்வாங்கிக் கடல் புகுந்த அந்தப் பெரும் குழிக்குள், வந்துவிடுவீர்கள். முதல் பத்து நிமிடத்திலேயே செங்குத்தான பாறைச் சுவரும் மேலே வெள்ளை ஊர்களும் தெரியும். ஆனால் வடக்குக் காற்றை முதலில் வாங்குவதும் இந்தப் பக்கம்தான். விலிஹாடா வடக்குக் காற்றுக்கு மறைவில் இருக்கிறது. வெள்ளைக் கடற்கரையும் செந்நிறக் கடற்கரையும் பக்கத்திலேயே. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் விலிஹாடாவைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான முடிவு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாள் தெற்குக் காற்று அடிக்கும். அப்போது கணக்கு தலைகீழ்.

சில பயணங்கள் ஒரு துறையில் ஏற்றி இன்னொரு துறையில் இறக்கும். விடுதி வாகனம் கட்டணத்தில் சேர்ந்திருந்தால் கவலையில்லை. சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிப் போய் அம்மூடியில் நிறுத்திவிட்டு இரவில் விலிஹாடாவில் இறங்கினால், காரை எடுக்கத் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டியிருக்கும். அம்மூடிக்கு ஓயாவிலிருந்து சுமார் 300 படிகள் இறங்கியும் போகலாம். கல் வழவழப்பானது, கழுதைகள் போகிற வழி, சாணம் கிடக்கும். செருப்பில் இறங்காதீர்கள், சாலை வழியாக வாகனத்தில் போவதே நல்லது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இந்தச் சிறு குழுப் பயணத்தை அங்கே "செமி பிரைவேட்" என்று விற்கிறார்கள். ஐந்து மணி நேரப் பயணம், சாப்பாடு, பானம், விடுதி வாகனம் எல்லாம் சேர்த்து ஒருவருக்குச் சுமார் 110 முதல் 200 யூரோ வரை ஆகலாம். மாதத்தையும் படகையும் பொறுத்து மாறும். பெயரை நம்பாமல், அதிகபட்சம் எத்தனை பேர், படகு எத்தனை அடி என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். 45 அடிப் படகில் 12 பேர் என்றால் எல்லோருக்கும் படகின் முன்னால் கட்டியிருக்கும் வலையில் படுக்க இடம் இருக்கும். அதே படகில் 20 பேர் என்றால் நிழலில் உட்காரவே போட்டி. பிறகு, துறைமுகம் தடை போட்டால் முழுப் பணமும் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா. நீங்களாக ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். துண்டும் ஸ்நார்க்கல் முகமூடியும் தருவார்களா. குழந்தை இருந்தால் அதன் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். படகின் பின்பக்கத்தில் ஒரே ஒரு கிரில்தான் இருக்கும். கோழி, பன்றி, இறால் எல்லாம் அதே கம்பியில்தான் வேகும். "மீன் பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்பார்கள், அதனால் இறைச்சி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். காய்கறியைத் தனித் தட்டில் அலுமினியத் தாளில் சுற்றிச் சுடச் சொல்லலாம். கிரேக்க சாலட், தயிரும் வெள்ளரியும் சேர்த்த ஜாட்ஸிகி, திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய டோல்மாடெஸ் எப்படியும் இருக்கும். டோல்மாடெஸில் கறி சேர்ப்பதும் உண்டு, கேட்டுச் சாப்பிடுங்கள். கிடைத்தால் ஃபாவாவை விட்டுவிடாதீர்கள். இந்தத் தீவில் விளையும் ஒரு மஞ்சள் பருப்பைக் கடைந்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவது. பருப்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

காலைப் பயணம் பொதுவாக 10 மணியை ஒட்டிக் கிளம்பும். மாலைப் பயணம் சூரியன் மறையும் நேரத்துக்கேற்ப முன்பின் ஆகும். ஜூனில் சூரியன் மறைவது இரவு 8.40-ஐ ஒட்டி, செப்டம்பர் நடுவில் 7.25-ஐ ஒட்டி. குமட்டல் வருபவர்களும் சிறு பிள்ளைகளோடு போகிறவர்களும் காலையை எடுங்கள். கடல் அப்போதுதான் தணிந்திருக்கும்.

படகில் ஏறியதும்

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. படகின் வடிவம் வேறு: நம்முடையது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, இது இரண்டு ஒடிசலான உடல்களை நடுவில் தளத்தால் இணைத்தது. இரண்டு உடல் இருப்பதால் பக்கவாட்டில் சாயாது, டம்ளரை மேசையில் வைத்தால் நிற்கும். ஆனால் முகப்பில் சின்னச் சின்ன அலைகள் நெருக்கமாக வரும்போது அவை நடுத்தளத்தின் அடியில் "டொம்" என்று அறையும். படகு உடைகிறதோ என்று புதிதாக ஏறுபவர்கள் பயப்படுவார்கள். அது இந்த வகைப் படகின் இயல்பு.

காலணிகளை ஒரு கூடையில் போடச் சொல்வார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே கையோ காலோ வைக்காதீர்கள். சிப்பந்தி சொல்லும் நொடியில் ஒரே எட்டாக ஏறுங்கள். தளத்தில் மூடிகள் கொண்ட சன்னல்கள் இருக்கும். திறந்திருந்தால் கால் உள்ளே போகும், மூடியிருந்தாலும் மிதிக்கக் கூடாது. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியிலோ கயிற்றிலோ இருக்கட்டும். முன்னால் கட்டியிருக்கும் வலையில் படுக்கலாம், குதிக்கக் கூடாது. கண்ணாடி, மோதிரம், சாவி வலைக்கண் வழியாக நழுவிக் கடலுக்குப் போய்விடும். படகு காற்றை எதிர்த்துப் போகும்போது வலையில் இருப்பவர்கள் தொப்பலாக நனைவார்கள். போனை அந்த நேரத்தில் உள்ளே வையுங்கள்.

குமட்டல் வரும் என்று தெரிந்தால் பின்பக்கம், தாழ்வாக, நடுவில் உட்காருங்கள். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் அது. கண் தொடுவானத்தில் இருக்கட்டும். கீழே அறைக்குள் போவதும் போனைக் குனிந்து பார்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை; கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். நம் ஊரில் வாங்கும் அவோமின் தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டவர்கள் மதுவைத் தொடக் கூடாது, நீந்தவும் இறங்காமல் இருப்பது நல்லது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள்.

கழிப்பறையில் காகிதம் போடாதீர்கள். குழாய் மிக ஒடுக்கமானது. அடைத்துக்கொண்டால் மிச்ச நேரம் முழுக்க எல்லோருக்கும் அவஸ்தை. பக்கத்தில் ஒரு குப்பைக்கூடை இருக்கும்.

வெந்நீர் ஊற்று

பாலேயா காமேனி என்ற சிறு எரிமலைத் தீவின் ஓரத்தில் இருக்கிறது இது. "வெந்நீர்" என்ற சொல்லைக் கேட்டு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் வெதுவெதுப்பாக, 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதுவும் உள்ளே போன பிறகு. படகு ஆழமான இடத்தில் நிற்கும். அங்கிருந்து குளிர்ந்த கடலில் ஐம்பது மீட்டருக்கு மேலும் நீந்த வேண்டியிருக்கலாம். நீல நீர் பச்சையாகும், பிறகு துருப்பிடித்த செம்பழுப்பாகும். அந்த நிற மாற்றத்தைக் கடக்கும்போதுதான் தோலில் முதல் வெதுவெதுப்பு படும், அடுத்த கை வீச்சில் குளிரும், மறுபடி வெதுவெதுப்பு. கரையோரத்தில் காலுக்கடியில் மெத்தென்று சேறு.

நிறத்துக்குக் காரணம் இரும்பு, வாசனைக்குக் காரணம் கந்தகம். இரண்டுமே உடைமைகளைக் கெடுக்கும். வெள்ளை, மஞ்சள் நீச்சலுடைகளில் ஆரஞ்சுக் கறை ஏறும், அடர்நிறத்தில் போடுங்கள். வெள்ளிக் கொலுசு, மெட்டி, வெள்ளிச் சங்கிலி கறுத்துவிடும். விடுதியிலேயே கழற்றி வையுங்கள். கறை பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, பிறகு எலுமிச்சைச் சாற்றில் ஊற வையுங்கள். குளோரின் ப்ளீச் போட்டால் இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

நீச்சல் தெரியாதவர்கள் இங்கே இறங்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், ஆனால் திரும்பி வரும் வழியில் காற்று எதிராக இருந்தால் கை ஓய்ந்துவிடும். அவர்களுக்கு ஏற்ற இடம் தென்கரை நிறுத்தங்கள். அங்கே ஏணியில் இறங்கி, ஏணியைப் பிடித்தபடியே மூச்சு சீராகும் வரை நின்று, பிறகு ஜாக்கெட்டோடு படகைச் சுற்றி மிதக்கலாம். நீந்தத் தெரிந்தவர்களும் முதல் முறை குதிக்காமல் ஏணியில் இறங்குவதே நல்லது. மே மாதத்தில் கடல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், திடீர்க் குளிரில் மூச்சு திணறும். ஆகஸ்டில் 24, 25 வரை வரும்.

செந்நிறக் கடற்கரையின் பாறை எரிமலைக் கசடு, எளிதில் உதிரும். அதன் அடியில் போய் ஒதுங்காமல் நீரிலிருந்தே பாருங்கள். வெள்ளைக் கடற்கரையில் பெயருக்குக் காரணம் பின்னால் நிற்கும் வெளிறிய பாறைச் சுவர்தான். காலடியில் கிடப்பது கரும் மணலும் கூழாங்கல்லும். இரண்டுக்கும் மேற்கே, தீவின் தென்மேற்கு முனையில் 1892-இல் கட்டிய அக்ரோதிரி கலங்கரை விளக்கம். அதைச் சுற்றித் திரும்பும் இடத்தில் மறைவு முடிந்து காற்று சட்டென்று மாறும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்திருக்க ஏற்ற இடம் அல்ல.

மாலை

குளித்த உடம்போடு காற்றில் நின்றால் ஆகஸ்டிலும் நடுங்கும். நனைந்த உடையை மாற்ற ஒரு மாற்றுடை, காற்று புகாத ஒரு மேலங்கி, இரண்டும் பையில் இருக்க வேண்டும். சிப்பந்திகளுக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை. கொடுக்க நினைப்பவர்கள் சில்லறை யூரோ நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் இறங்கும்போது எல்லோரும் முன்வலைக்கு ஓடுவார்கள். மறைவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நீங்கள் ஒரு முறை எதிர்ப்பக்கம் திரும்புங்கள். சுமார் 300 மீட்டர் உயரமுள்ள கால்டெராச் சுவர் முழுக்க அந்த நேரத்தில் தாழ்ந்த வெயில் நேராக விழும். கறுப்பாக எரிமலைக் குழம்பு, செம்பட்டையாகக் கசடு, எல்லாவற்றுக்கும் மேலே வெளிறிய ஒரு தடித்த பட்டை. அந்த மேல் பட்டைதான் ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவை வெடித்துப் பிளந்த எரிமலையின் நுரைக்கல்லும் சாம்பலும். அக்ரோதிரி என்ற வெண்கலக் கால ஊரை மூடிப் புதைத்ததும் அதே சாம்பல்தான். 1967-இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மாரினாடோஸ் தோண்டத் தொடங்கியபோது சுவரோவியங்களோடு வெளியே வந்த ஊர் அது. பகல் வெளிச்சத்தில் இந்த அடுக்குகள் கலங்கலாகத் தெரியும், மாலையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். போன் கேமராவில் எடுத்தால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மேல் பட்டை வெறும் வெள்ளையாக வெளுத்துப்போகும்.

இருட்டிய பிறகுதான் கரையேறுவீர்கள். கூடையிலிருந்து உங்கள் காலணியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விடுதி வாகனம் எங்கே நிற்கிறது என்று இறங்கும் முன்பே சிப்பந்தியிடம் கேட்டுவிடுங்கள். ஓயாவிலும், தீவின் தலைநகரான ஃபிராவிலும் சந்துகளுக்குள் வண்டி வராது. ஏற்றிய இடமும் இறக்கிவிடும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.