குறிஞ்சி பூக்காத ஆண்டுகளில் நாம் செய்யும் தவறுகள்

இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்காம்பூர் ஊர்களை ஒட்டி இருக்கிறது குறிஞ்சிமலைச் சரணாலயம். நீலக்குறிஞ்சிக்காகவே 2006-இல் அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா இதைப்போல் மூன்று மடங்கு. குறிஞ்சி இங்கே 2018-இல் பூத்தது, அடுத்து 2030. நடுவில் உள்ள இந்த ஆண்டுகளில்தான் செடிக்கு ஆபத்து அதிகம்.

பூ இல்லாத சரிவைப் பார்த்ததும் தரிசு என்று முடிவு கட்டிவிடுகிறோம். இடுப்பளவுகூட வளராத புதர், சொரசொரப்பான இலை, ஓரமெல்லாம் சிறு பற்கள். புல்லோடு புல்லாக நிற்பதால் தெரியாதவர் மிதித்துக்கொண்டே போவார். “சும்மா கிடக்கிற மலைதானே, மரம் நட்டால் என்ன?” என்று நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. காடு அழிந்து உண்டான புல்வெளி அல்ல இது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்று தொன்றுதொட்டு இருக்கும் அமைப்பு. அங்கே வட்டவடைக்காரர்கள் ‘கிராண்டிஸ்’ என்று சொல்லும் யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் ஏறினால் வெயில் மறையும், குறிஞ்சி போய்விடும்.

கோடையில் அணைக்காமல் எறியும் ஒரு பீடித்துண்டும் அப்படித்தான். எட்டு வயதுச் செடி எரிந்தால், அது ஒரு விதைகூட விடாமல் போகிறது.

பூக்கும் ஆண்டில் “ஒரு கொத்துதானே” என்று பறிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. மல்லிகையைப்போல் நாளைக்கும் பூக்கிற செடியா இது? குலை தள்ளிய வாழையைப்போல ஒரே முறைதான், பிறகு காய்ந்துவிடும். வாழைக்காவது பக்கக்கன்று உண்டு. குறிஞ்சிக்கு விதை மட்டுமே.

இன்னொன்று: நீலமாக எது பூத்தாலும் ‘பன்னிரண்டு ஆண்டுக் குறிஞ்சி’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாதீர்கள். குறிஞ்சியில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. தவறான செய்தியை நம்பி வண்டி வண்டியாய்க் கூட்டம் ஏறிவிடும்.

பூ வாடியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. சில மாதம் கழித்துத்தான் காய் முற்றி, உலர்ந்து வெடித்து, விதை சிதறும். அப்போது பார்த்தால் வெறும் காய்ந்த குச்சி. அதை ஒடித்து அடுப்பெரிக்க வேண்டாம், அந்த இடத்தில் கூடாரமும் அடிக்க வேண்டாம். மழை இறங்கியதும் 2030-க்குப் பிந்தைய தலைமுறை அந்தக் குச்சிகளின் காலடியில்தான் முளைக்கும்.