வேளாங்கண்ணிக்கு நடக்கும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே தஞ்சாவூர் சாலையில் காவி வேட்டிகள் தெரிய ஆரம்பித்துவிடும். எங்கள் கோயில் பங்கிலிருந்தும் தம்பிகள் கிளம்புகிறார்கள். பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்ததும் ஒருவன் சொன்னான்: "இந்தத் தடவை நடந்துட்டு வந்தா எல்லாம் மாறிடும்ண்ணே." இருபது வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். செபத்தை விடாதே, பூசைக்குப் போ என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஆண்டவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்த ஒரு வருஷம், அண்ணனுடைய முறையில் ராத்திரி அவர் மடையை அடைத்து என் வயலுக்குத் திருப்பிவிட்டேன். அடுத்த முறையும் அப்படியே. கதிர் பால் பிடிக்கிற நேரம். அவருக்குப் பாதிக்கு மேல் பதராகப் போயிற்று. பழி பக்கத்து வயல்காரர் மேல் விழுந்தது. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் "அண்ணனோடு தண்ணீர்த் தகராறு" என்று மேலோட்டமாகச் சொன்னேன். வேளாங்கண்ணிக்கு நடந்தேன், மணலில் முழந்தாளிட்டுப் போனேன், அழுதேன். ஆறு வருஷம். ஊர் திரும்பிய பத்தாம் நாள் அதே கோபம், அதே குடி. அண்ணன் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். கடைசியில் வருவது பரிகாரம். குரு சொல்லச் சொன்ன மூன்று அருள்நிறை மந்திரத்தோடு அது முடிந்தது என்று நினைத்திருந்தேன். எடுத்ததைத் திருப்பித் தருவதும் கெடுத்த பெயரைச் சரிசெய்வதும் நம் கடமை என்கிறது திருச்சபை. மத்தேயு 5:23-24 எடுத்துப் பாருங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறார் இயேசு. அவர் பேசியது கலிலேயாவில். பீடம் இருந்தது எருசலேமில், 100 கி.மீ.க்கு மேல். கிட்டத்தட்ட தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி தூரம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவனைத்தான் திரும்பிப் போகச் சொல்கிறார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் போனேன். அண்ணன் திண்ணையில் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. பிறகு பிரியை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, "இதைப் பக்கத்து வயல்காரர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அன்றைக்கே போய்ச் சொன்னேன். அந்த அறுவடையில் நாலு மூட்டை நெல் அண்ணன் வீட்டில் இறக்கினேன். தூக்கம் வருவதற்காகத்தான் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. சில மாதங்களில் குடி நின்றது.

ஒரே நாளில் ஏழெட்டுப் பிரதிக்கினை

இனி இப்படி நடப்பேன் என்ற உறுதி ஒன்று போதும்.

உடனே பலன் தேடுவது

நாற்றைப் பறித்து நட்டால் ஒரு வாரம் வெளுத்துத்தான் நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். செபத்தில் ருசியே இல்லாத நாட்கள் வரும்போது, எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

தனியாகச் சமாளிப்பது

வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

வழியில் இருப்பவரைத் தாண்டிப் போவது

எல்லாம் மாறிடும் என்ற அந்தத் தம்பி அவன் அப்பாவோடு பேசி எட்டு மாதமாகிறது. அவருடைய சைக்கிள் கடை இவர்கள் நடந்து போகிற சாலையிலேயேதான் இருக்கிறது. முதல் நாள் அங்கே நின்றுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.