இதயத் தசைத் தடிப்பும் கூட்டுச் சூரணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ அறிக்கையில் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்று எழுதியிருப்பதைக் கேட்டவுடன், மருதம்பட்டை, மஞ்சள், மிளகு, பூண்டு, அதிமதுரம் என்று ஐந்தாறு சரக்குகளை நாட்டு மருந்துக் கடையில் ஒன்றாக இடித்து வாங்கிவருவது நெல்லைச் சீமையில் பலருக்கும் வழக்கம். தாமிரபரணிக் கரையெங்கும் மருதமரம் நிற்கிற, திருப்புடைமருதூரில் அதுவே தலமரமாகவும் விளங்குகிற நாட்டில் அந்தப் பட்டையின்மேல் நம்பிக்கை இருப்பதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தவறுகள் பெரும்பாலும் சேர்மானத்தில்தான் நேர்கின்றன.

அதற்கும் முந்திய தவறு ஒன்று உண்டு. 'இதயம் பெருத்திருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் சுவர் தடிப்பது வேறு, அறை விரிந்து தளர்வது வேறு. சுவர் தடிப்பதற்கும் நெடுநாள் இரத்த அழுத்தம், பெருநாடி வால்வின் சுருக்கம், பரம்பரைத் தசைநோய் எனக் காரணங்கள் பல. சுருங்கிய வால்வை எந்தச் சூரணமும் திறக்காது. பரம்பரை நோயில் தடித்த தசை இரத்தம் வெளியேறும் வழியை அடைத்திருந்தால், நெருஞ்சில் போன்ற நீர்பெருக்கிகள் உடலின் நீரைக் குறைத்து அந்த அடைப்பை மிகுவிக்கக்கூடும். தலைசுற்றலும் மயக்கமும் அதன் விளைவுகள்.

அடுத்தது, ஆய்வுகளைக் கூட்டல் கணக்காகப் படிப்பது. மஞ்சளிலுள்ள குர்குமின், தசைத் தடிப்பைத் தூண்டும் பி300 என்னும் நொதியைத் தடுப்பதாக 2008இல் வெளியான ஆய்வு எலிகளில் நடந்தது. மருதம்பட்டைச் சாறு பற்றி 1995இல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் 12 பேர். அவர்களும் இதயச் செயலிழப்பு முற்றியவர்களே தவிர, சுவர் மட்டும் தடித்தவர்கள் அல்லர். இரண்டும் தனித்தனியே நல்லவை என்பதால் சேர்ந்தால் இருமடங்கு நல்லவை என்று எண்ணுவதற்கு இவற்றில் ஆதாரமில்லை. சுண்டெலிக்குக் கொடுத்த அளவை அப்படியே மனித எடைக்குப் பெருக்கிப் பார்ப்பதும் பிழை. உடற்பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு கிலோ எடைக்குரிய அளவு மனிதருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும்.

மிளகின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குர்குமின் தானாகக் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. இரண்டு கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது மனிதரில் அது ஏறத்தாழ இருபது மடங்காகக் கிடைத்தது என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைகளில் இரண்டையும் சேர்த்து விற்கும் காப்ஸ்யூல்களுக்கு அதுவே மூலம். ஆனால் பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் வெளியே தள்ளும் புரதங்களையும் அது தடுப்பதால், கூடவே விழுங்கும் மாத்திரைகளின் அளவும் இரத்தத்தில் ஏறலாம். புரோப்ரனலால் அவ்வாறு ஏறுவது மனிதரிலேயே காணப்பட்டிருக்கிறது. இதயத் துடிப்பைத் தணிக்க இதே நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. நாடி அளவுக்கு மீறிக் குறைந்தால் குற்றவாளி மாத்திரையா மிளகா என்று யாரும் தேடுவதில்லை. இது செறிவூட்டிய சாற்றைப் பற்றிய பேச்சு. ரசத்தில் போடும் மிளகைப் பற்றியதன்று. அப்படிச் செறிவூட்டிய மஞ்சளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

அதிமதுரத்தை இனிப்புக்காகச் சேர்ப்பவர்கள், அது உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை உயர்த்தும் என்பதை அறிவதில்லை. தடிப்புக்குக் காரணமே அழுத்தமாக இருக்கும்போது இதைவிட முரணான சேர்மானம் வேறில்லை. நீரிறக்கும் மாத்திரையும், டிகாக்சின் என்னும் இதய மருந்தும் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் துடிப்பே தடுமாறும். டிகாக்சினும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான்; நம் வேலியோர அரளியில் அதன் உறவு நஞ்சு இருக்கிறது. 'இயற்கையானது, ஆகவே மென்மையானது' என்பவர்கள் அரளி விதையை நினைத்துப் பார்க்கலாம். இதற்கு நேர்மாறாக, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் டெல்மிசார்டானோ ஸ்பைரனோலாக்டோனோ எடுப்பவர் பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்குத் தாவினால் அதே பொட்டாசியம் மிகுந்து துன்பம் தரும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குப் பூண்டும் மஞ்சளும் மருந்தளவில் இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டக்கூடும்.

சித்த மருத்துவம் நட்புச் சரக்கு, பகைச் சரக்கு என்று பிரித்துப் பார்த்தே சேர்க்கச் சொல்கிறது. வீட்டில் இடிப்பவர்கள் அந்தப் பட்டியலில் ஆங்கில மாத்திரையையும் ஒரு சரக்காக எண்ணாததுதான் பிழை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அங்கே காட்டும்போது மாத்திரை அட்டைகளையும், இதய மருத்துவரிடம் போகும்போது பொடிப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்வதில் வெட்கமில்லை. மருத்துவர் ஒப்பினாலும் ஒரு நேரத்தில் ஒரு சரக்கை மட்டும் தொடங்கி, அழுத்தம், நாடி, பொட்டாசியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்த பின்பே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கினால் எது கெடுத்தது என்று தெரியாது. கஷாயம் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்துவது இவை எல்லாவற்றிலும் கொடியது. துடிப்பைத் தணிக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். மேலும், அழுத்தத்தால் தடித்த சுவரை லோசார்டான் என்னும் அழுத்த மாத்திரை குறைப்பது 2002இல் வெளியான பெரிய ஆய்விலேயே நிறுவப்பட்டிருக்கிறது.

பரம்பரை நோயைத் தனியாளின் நோயாகக் கருதுவதும் தவறே. தெற்காசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இதயத்தசைப் புரத மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதும், இதயத்தசை நோய்களுடன் அதற்குள்ள தொடர்பும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவர் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வில் வெளிப்பட்டன. வேறு காரணமின்றிச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லாவிட்டாலும், ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும்; ஓட்டப்பந்தயத்துக்கும் கபடிக்கும் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவனுக்கே முதலில்.