ஒரே வாக்கில் வென்ற ஆளுநர்: பழைய தேர்தல் கணக்கைச் சரிபார்க்கும் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1839 நவம்பரில் நடந்த தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் மார்கஸ் மார்ட்டன் ஒரே வாக்கில் ஆளுநரானார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் அவர் பெற்றவை 51,034 வாக்குகள்; பதவியிலிருந்த விக் கட்சி ஆளுநர் எட்வர்ட் எவரெட் பெற்றவை 50,725. வித்தியாசம் 309 அல்லவா என்று கேட்பவர்கள் கணக்கைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள்.

கழித்துப் பார்ப்பதற்கு முன், அக்காலத்தில் வெற்றி எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதைத் தேடுங்கள். அம்மாநிலத்தின் 1780 அரசமைப்பின்படி, முதலிடம் பெற்றால் மட்டும் போதாது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும். எவரும் பெறாவிட்டால் முடிவு சட்டமன்றத்தின் கைக்குப் போய்விடும். இந்த விதி 1855 வரை நீடித்தது.

அடுத்து, உதிரி வாக்குகளை விட்டுவிடாதீர்கள். அரசே அச்சிட்ட வாக்குச்சீட்டு அப்போது கிடையாது என்பதால் வாக்காளர் யார் பெயரையும் எழுதலாம். அவ்வாறு சிதறியவை 307. அவற்றையும் சேர்த்தால் மொத்தம் 102,066, அதில் பாதி 51,033. மார்ட்டனிடம் அதற்கு மேல் இருந்தது ஒன்றே ஒன்று.

இனி அந்த ஒரு வாக்கை நகர்த்திப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மார்ட்டனின் ஆதரவாளர் ஒருவர் வீட்டிலேயே இருந்திருந்தால் மொத்தமும் ஒன்று குறைந்து 102,065 ஆகும். 51,033 வாக்குகளுடன் அவர் அப்போதும் பாதியைத் தாண்டியிருப்பார். அதே ஒருவர் வேறு பெயரை எழுதியிருந்தால், மொத்தம் மாறாமல் மார்ட்டன் சரிபாதியில் நின்றுபோயிருப்பார். ஆகவே, ஒரு வாக்கு வராமல் போவதும் இடம் மாறுவதும் ஒன்றல்ல என்பதைத் தனித்தனியே கணக்கிடுவது அவசியம்.

எண்கள் சரியான பின்னரே எவரெட் வாக்குகளை இழந்த காரணத்துக்குச் செல்லுங்கள். காய்ச்சி வடித்த மதுவகைகளை 15 கேலனுக்கு (சுமார் 57 லிட்டர்) குறைவாக விற்கக் கூடாது என்ற 1838ஆம் ஆண்டுச் சட்டத்தில் எவரெட் கையெழுத்திட்டிருந்தார். கோப்பை அளவில் வாங்கிக் குடித்த எளியவர்களைத்தான் அது தாக்கியது. முடிவை எதிர்க்குமாறு கட்சியினர் வற்புறுத்தியும் எவரெட் மறுத்துவிட்டார். அந்தக் கண்ணியம் பெரிதும் மதிக்கத்தக்கது.

பயிற்சிக்கு 1842 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மார்ட்டன் முதலிடம் பெற்றும், அடிமை முறையை எதிர்த்த விடுதலைக் கட்சி வாக்குகளைப் பிரித்ததால், பாதியை எட்ட முடியவில்லை. அவரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது.