கேலரிக்காரர்களுக்கு டி-ஷர்ட் அடிப்பது எப்படி

மைதான கேலரியில் உட்கார்ந்து கத்தும் கால்பந்து ரசிகர்களுக்காக நான் முதலில் அடித்த 40 டி-ஷர்ட்டும் அச்சகத்திலிருந்து வந்தபோது பளீரென்ற வெள்ளை எழுத்தோடு வந்தன. இரண்டு நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்தால் அத்தனை எழுத்தும் ரோஸ் நிறம். ஏன் அப்படி ஆனது என்று பிறகு சொல்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், அதில் 31 விற்றுப் போனது. வாங்கியவர்களில் ஒருவர்கூட நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிடித்தது அதில் இருந்த வரி. எங்கள் கால்பந்து அணி கடைசி நேரத்தில் கோல் வாங்கித் தோற்பதில் கைதேர்ந்தது. "89 நிமிஷம் வரைக்கும் நாங்கதான்" என்று போட்டிருந்தோம். அவ்வளவுதான் டிசைன்.

அதனால் துணி, மை, மெஷின் என்று தொடங்காமல் வரியிலிருந்து தொடங்குங்கள். கிளப்பின் சொந்தக் கடையில் கிடைப்பதையே நாமும் அடித்தால் அது வெறும் மலிவு நகல், சட்டப்படியும் வம்பு. கிளப் தன் கடையில் விற்க முடியாத ஒன்று இருக்கிறது: தன்னைத்தானே கிண்டல் செய்வது. தோற்ற ஆட்டத்தின் நினைவு, மழையில் நனைந்த அந்த ஒரு மாலை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மாற்று வீரர் மீது இருக்கும் விநோதப் பாசம், இதெல்லாம் கேலரிக்காரர்களின் சொத்து. ஆட்டத்துக்குப் போகும்போது போனில் ஒரு குறிப்புப் பக்கம் திறந்து வைத்திருப்பேன். பின் வரிசையில் ஒருவர் கத்துவார், சுற்றியிருக்கும் 20 பேர் சிரிப்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்வேன். முடிந்தால் அவரிடமே கேட்டுவிட்டு அடிப்பேன். முதல் டி-ஷர்ட் அவருக்கு இலவசம். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

கிளப்பின் முத்திரையே இல்லாமல் ரசிகர்கள் தங்கள் அடையாளத்தை உருவாக்கியதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மான்செஸ்டர் யுனைடெட். 2010-இல் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்துக்கு எதிராக ரசிகர்கள் பச்சையும் தங்க நிறமும் கலந்த கழுத்துத் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1902-இல் இப்போதைய பெயரைப் பெறுவதற்கு முன் அந்த கிளப் நியூட்டன் ஹீத்தாக இருந்த காலத்து நிறங்கள் அவை. லோகோ வேண்டியிருக்கவில்லை. எதிரணியான மிலானுக்காக ஆட வந்த பழைய யுனைடெட் வீரர் பெக்காம்கூட ஆட்டம் முடிந்ததும் ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். நம்முடையது டி-ஷர்ட் என்பதைத் தவிர, யோசனை அதேதான்.

சரி, சட்டம். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

கிளப்பின் முத்திரை, கிளப்பின் பெயர், தொடரின் லோகோ, ஸ்பான்சர் பெயர், ஜெர்சி தைக்கும் நிறுவனத்தின் அடையாளம் ஆகிய எதுவும் வேண்டாம். முத்திரையைக் கொஞ்சம் மாற்றி வரைந்தால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கத்தின் வாலைத் திருப்பி வைத்தால் சிங்கம் பூனையாகிவிடாது. பார்ப்பவர் குழம்புகிறாரா என்பதுதான் கேள்வி. டி-ஷர்ட்டின் கைப்பகுதியில் மூன்று கோடு போடுவதுகூட ஆபத்து. அடிடாஸ் அந்தக் கோடுகளுக்காக நீதிமன்றப் படி ஏறத் தயங்காத நிறுவனம்.

"இது அதிகாரப்பூர்வமான பொருள் அல்ல" என்று ஒரு போர்டு வைத்தால் போதுமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். லண்டனில் ஆர்சனல் மைதானத்துக்கு வெளியே 1970-லிருந்து கடை போட்டு, ஆர்சனல் பெயர் போட்ட பொருள்களை விற்ற ஒரு வியாபாரி அப்படித்தான் போர்டு வைத்திருந்தார். கிளப் வழக்குப் போட்டது. ரசிகர்கள் அந்தப் பெயரைத் தங்கள் விசுவாசத்தின் அடையாளமாகத்தான் பார்க்கிறார்கள் என்ற வாதம் முதலில் எடுபட்டது. 2002-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை; 2003-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆர்சனல் ஜெயித்தது. போர்டு அவரைக் காப்பாற்றவில்லை.

லோகோவும் பெயரும் இல்லாமல் நிறத்தை மட்டும் போட்டால்? அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்மாக் அப்பேரல் என்ற நிறுவனம் பல்கலைக்கழக அணிகளின் நிறத்தில், ஆட்டங்களைக் குறிக்கும் வாசகங்களோடு டி-ஷர்ட் விற்றது. நிறமும் மற்ற குறிப்புகளும் சேர்ந்து அந்தப் பல்கலைக்கழகங்களையே சுட்டுகின்றன என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் இப்போது அணியின் நிறத்தில் துணி எடுப்பதே இல்லை. கறுப்பு, வெளுத்த வெள்ளை, சாம்பல். வரி நன்றாக இருந்தால் இதுவே போதும், பார்க்கவும் அழகு.

எல்லாம் கிளப்புகளுக்கே என்றும் இல்லை. 2019-இல் லிவர்பூல் கிளப் கால்பந்து தொடர்பான பொருள்களுக்கு ஊர்ப் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்டது. ரசிகர்களும் சின்னச் சின்ன வியாபாரிகளும் கொதித்தார்கள். ஊர்ப் பெயர் என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் நாட்டுக்கு நாடு விதி மாறும். அதனால் எந்த வரியை அடிப்பதற்கு முன்பும் உங்கள் நாட்டு வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடுங்கள். இணையத்திலேயே தேடலாம். ஆடைகளுக்கு வகுப்பு எண் 25, அதில் பாருங்கள். கேலரியில் பிறந்த கோஷத்தைக்கூட யாராவது பதிந்து வைத்திருப்பார்கள்.

வீரர்களின் முகம் எனக்கு ஆகாது. இணையத்தில் கிடைத்த புகைப்படம் என்றால் அதன் உரிமை அதைப் படம் பிடித்தவருக்கு. நாமே வரைந்தால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் தன் உருவத்தை வைத்துப் பிறர் சம்பாதிப்பதைத் தடுக்கும் உரிமை பல நாடுகளில் வீரருக்கு உண்டு. எண் மட்டும் என்றால் பிரச்சினை குறைவு. பெலே, மரடோனா, மெஸ்ஸி மூவரும் போட்ட 10-ஐ யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. அதே சமயம் சி.ஆர்.7 என்று எழுத்தோடு சேர்ந்தால் அது ரொனால்டோவின் வணிகப் பெயர்.

இனி கைவேலை.

டிசைனை வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவக் கோப்பாகச் செய்யுங்கள். அது முடியாது என்றால் அச்சாகும் உண்மையான அளவிலேயே, அங்குலத்துக்கு 300 புள்ளி. எழுத்துருவின் உரிமத்தைப் படியுங்கள். இலவசம் என்று இறக்கியதில் பாதி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். தமிழில் அடிப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறும். சோதனை அச்சில் "தோற்றாலும்" என்பது யாராலும் படிக்க முடியாத ஒன்றாக வந்ததை நல்லவேளையாக என் தங்கை பார்த்தாள்.

அப்புறம் டிசைனை அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்து, வெட்டி, நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் குத்திக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கழுத்துப் பட்டியிலிருந்து 7 அல்லது 8 சென்டிமீட்டர் கீழே தொடங்கினால் சரியாக இருக்கும். திரையில் நடுவாகத் தெரிவது உடம்பில் தொப்பை மேல் போய் உட்காரும்.

துணிக்கு நான் போவது 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) காட்டன், பயோ வாஷ் செய்தது, அதாவது நொதியால் துவைத்து மேலே நீட்டும் இழைகளை நீக்கியது. 150-க்குக் கீழே போனால் வெள்ளைத் துணியில் உள்ளே போட்டிருப்பது தெரியும். 220-க்கு மேல் போனால் கூட்டத்தில் வேகும். மொத்தமாக எடுக்கும் முன் ஒன்றே ஒன்று வாங்கி, நீள அகலம் அளந்து, வெந்நீரில் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். விற்பவர் சுருங்காது என்று சொல்வார். அளவுநாடாவை நம்புங்கள்.

அச்சு முறையை எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். ஒரு நிறம், இரண்டு நிறம், 30-க்கு மேல் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான், அதாவது சட்டகத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் தள்ளி அடிப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் தொடக்கச் செலவு அதிகம்; எண்ணிக்கை கூடக்கூட ஒன்றுக்கு ஆகும் செலவு இறங்கும். கறுப்புத் துணியில் மஞ்சள் அடிக்க வேண்டுமானால் அடியில் வெள்ளை ஒரு பூச்சு வேண்டும், அது ஒரு ஸ்கிரீனாகக் கணக்கில் ஏறும். இதை முன்பே கேட்டுக்கொள்ளாமல் பில்லைப் பார்த்து விழிப்பவர்கள் அதிகம். சூட்டில்தான் இறுகும் பிளாஸ்டிசால் மை என்றால் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு அடிவரை ஏற வேண்டும். மேல் மட்டும் காய்ந்தால் தொட்டுப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும், மூன்றாவது துவைப்பில் பாளம் பாளமாக வெடிக்கும். அச்சகத்திலேயே ஒன்றை எடுத்து அச்சுள்ள இடத்தை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மறுபடி சூடு காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு போதும், நிறம் நிறைய என்றால் டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்). படத்தை பிலிமில் அச்சிட்டு, பசைத்தூளை உருக்கி, துணியில் வைத்துச் சூடாக அழுத்துவார்கள். விவரம் துல்லியமாக வரும். ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய சதுரமாக அடித்தால் பிளாஸ்டிக் தாளை ஒட்டியது போல் வியர்க்கும். டிசைனில் இடைவெளி விட்டு, துணி தெரியும்படி செய்யுங்கள். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் வெளிர் நிறப் பாலியஸ்டருக்கு மட்டும். அதில் வெள்ளை மை என்பதே கிடையாது.

இப்போது அந்த ரோஸ் கதை. பாலியஸ்டருக்குப் போடும் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே கிளம்பும். மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் புகுந்துகொள்ளும். அடித்தவுடன் தெரியாது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ வெளியே வரும். சிவப்பு, மெரூன்தான் இதில் மோசம். குறைந்த சூட்டில் காயும் மை, சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சு என்று வழிகள் உண்டு. எனக்குத் தெரிந்த சுலபமான வழி, காட்டன் எடுப்பது.

சைஸ் பிரிப்பதில் எல்லோரும் முதல் தடவை கோட்டை விடுவார்கள். எனக்கு 40-க்கு இப்போது ஒத்துவருவது: எஸ் 4, எம் 10, எல் 13, எக்ஸ்எல் 9, டபுள் எக்ஸ்எல் 4. "எனக்கு எல்" என்று ஒருவர் சொன்னால் அது பத்து வருடத்துக்கு முந்தைய எல் ஆக இருக்கலாம். ஆகவே சைஸ் பெயரைக் கேட்காதீர்கள். டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து மார்பு அகலத்தை அளந்து படம் போடுங்கள். வீட்டில் இருக்கும் தங்கள் டி-ஷர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

முன்பதிவு இல்லாமல் அடிக்கவே கூடாது என்பது என் கட்சி. முழுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் ஆர்டர். வாட்ஸ்அப் குழுவில் "எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்று 60 பேர் சொன்னார்கள் ஒரு முறை. பணம் அனுப்பியவர்கள் 23. நண்பர்கள்தான், பொய்யும் சொல்லவில்லை, அந்த நேரத்து உற்சாகம் அது. பதிவான எண்ணிக்கைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அடியுங்கள். அச்சுப் பிசகு, சைஸ் மாற்று, கடைசி நேரக் கெஞ்சல் எல்லாம் அதில் அடங்கும்.

விலை வைக்கும்போது துணியையும் அச்சையும் மட்டும் கூட்டாதீர்கள். அவை இரண்டும் 100 பங்கு என்றால் பை, அஞ்சல், பணப்பரிமாற்றக் கட்டணம், வீணானது, இலவசமாகக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து எனக்கு 135 வரை போகும். 220-க்குக் குறைத்து விற்றால் அடுத்த டிசைனுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

விற்பனைக்கு மைதான வாசல் கண்ணை இழுக்கும். அந்த இடம் யாருடையது, அனுமதி வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பை, ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளின்போது மைதானத்தைச் சுற்றித் தெரு வியாபாரத்தையே தடை செய்வதுண்டு. ஆன்லைனில் விற்றால் தலைப்பிலும் குறிச்சொல்லிலும் கிளப் பெயர் வேண்டாம். "ஒரிஜினல்", "அதிகாரப்பூர்வ" என்ற சொற்கள் வேண்டவே வேண்டாம். புகார் வந்தால் தளம் பொருளைத் தூக்கிவிடும்; திரும்பத் திரும்ப வந்தால் கணக்கையே மூடிவிடும். வக்கீல் கடிதம் வந்துவிட்டால் அன்றே விற்பனையை நிறுத்திவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். கோபத்தில் பதில் எழுதி அதைப் படம் பிடித்துப் பகிர்வது வீரம் அல்ல.

கடைசியாக, இறுதியாட்டம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கு இரண்டு அணிக்கும் வெற்றி டி-ஷர்ட்டை முன்பே அடித்துவிடுவார்கள். தோற்ற அணியுடையது தொண்டு நிறுவனங்கள் வழியாக வெளிநாடு போனதுண்டு. நமக்கு அந்த வசதி இல்லை. ஸ்கிரீனைத் தயார் செய்து வைக்கலாம், துணியை வாங்கி வைக்கலாம், மை மட்டும் விசில் ஊதிய பிறகுதான். நாங்கள் அப்படித்தான் காத்திருந்தோம். 88-ஆவது நிமிடம் வரை எங்கள் கையில்தான் ஆட்டம் இருந்தது. துணி வேறு டிசைனுக்குப் போய்விட்டது. ஸ்கிரீன் என் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. டிசைனைப் பிடித்து வைத்திருக்கும் எமல்ஷன் பூச்சைக் கழுவிவிட்டால் அந்த ஸ்கிரீன் சட்டகத்தை மறுபடி பயன்படுத்தலாம். என் கூட்டாளி இன்னும் கழுவ விடவில்லை.